காயா எப்படியும் தப்பமாட்டாள்

எட்டாம் வகுப்பில் நான் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டேன். செய்யாத திருட்டு. வகுப்பில் ஒருவனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போயிருந்தது. இன்டர்வெல்லுக்குக் கடைசியாக வெளியே போனவன் நான். முதல் நாலு அடி வரைக்கும் "நான் எடுக்கல சார்" என்றேன். ஐந்தாவது அடியில் "எடுத்தேன் சார்" என்றாகிவிட்டது. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தால், அடுத்த கேள்வி வந்தது. "எங்கடா வெச்ச?" எடுத்திருந்தால்தானே வைத்த இடம் தெரியும்! கிணற்றில் போட்டுவிட்டேன் என்றேன். "கூட யாரு?" என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன் பெயரைச் சொன்னேன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்த நேரத்தில் கண்ணில் பட்டவன் அவன்தான். மறுநாள் பாக்ஸ் அதன் சொந்தக்காரன் வீட்டிலேயே, தலையணைக்கு அடியில் கிடைத்தது.

இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன். ஞாபகப்படுத்தியவர் 1635இல் செத்துப்போன ஒரு ஜெர்மன் பாதிரியார். பெயர் ஃப்ரீட்ரிக் ஷ்பே.

நான் இருக்கும் டுசல்டோர்ஃப் நகரத்தின் வடகோடியில் கைசர்ஸ்வெர்த் என்று ஒரு பேட்டை. U79 டிராமில் ஏறினால் நேரே கொண்டுபோய் விடும். ரைன் ஆற்றங்கரையில் இடிந்த கோட்டை ஒன்று, செங்கல் வீடுகள், ஐஸ்க்ரீம் கடைக்கு வெளியே நீள வரிசை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்விட்டு வர நல்ல இடம். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர் பயிற்சி எடுத்தது இந்த ஊரில்தான். ஊருக்கு அது ஒரு பெருமை. ஷ்பே பிறந்ததும் இங்கேதான், 1591 பிப்ரவரி 25 அன்று. கொலோன் ஆயருக்காக அந்தக் கோட்டையை நிர்வகித்த அதிகாரியின் மகன். பின்னாளில் அவர் எழுதிய கவிதைத் தொகுப்பின் பெயருக்கு ஏறக்குறைய 'நைட்டிங்கேல் பறவைக்குப் போட்டி' என்று பொருள். இரண்டு நைட்டிங்கேலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

படிப்பு, துறவு எல்லாம் அந்தக் காலத்துக் கெட்டிக்காரப் பையன்களுக்கு நடந்த மாதிரியேதான். கொலோனில் இயேசு சபைப் பள்ளி, 1610இல் அதே சபையில் சேர்க்கை, வூர்ட்ஸ்பர்க்கில் தத்துவம், மைன்ட்ஸில் இறையியல், 1622இல் குருப்பட்டம். இடையில் 1617இல், 26 வயதில், ரோமில் இருந்த சபைத் தலைவர் வித்தெலெஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னை இந்தியாவுக்கு அனுப்புங்கள் என்று. அதே சபையின் ராபர்ட் தெ நொபிலி அப்போது மதுரையில் காவி கட்டிக்கொண்டு தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். ஷ்பே வந்திருந்தால் எங்கே போயிருப்பாரோ, கோவாவோ மதுரையோ. ரோமிலிருந்து வந்த பதில், இந்தியா வேண்டாம், ஜெர்மனியிலேயே வேலை இருக்கிறது என்பதுதான். அது என்ன மாதிரி வேலை என்று பதில் எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் தொடங்கியது. போதாக்குறைக்கு வானமும் சதி செய்தது. 1626 மே மாதக் கடைசியில், கோடை தொடங்க வேண்டிய நேரத்தில், கடும் உறைபனி விழுந்து மைன் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள் கருகின. நம்மூரில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்போம். அங்கே சூனியம் வைத்துப் பனியை வரவழைத்தவர்கள் என்று உயிருள்ள மனிதர்களையே இழுத்தார்கள். வூர்ட்ஸ்பர்க் ஆயரின் ஆட்சிப்பகுதியில் சில ஆண்டுகளுக்குள் எரிக்கப்பட்டவர்கள் சுமார் 900 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பக்கத்து பாம்பர்க்கில் 1612க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம். இதில் கிழவிகள் மட்டும் இல்லை, சிறுவர்கள், பாதிரிகள், நகரசபை உறுப்பினர்கள் எல்லோரும் உண்டு.

பாம்பர்க்கில் யோஹன்னஸ் யூனியஸ் என்பவர் நகரத் தலைவராக இருந்தவர். மனைவியை முன்பே சூனியக்காரி என்று கொன்றிருந்தார்கள். 1628 ஜூலை 24 அன்று சிறையிலிருந்து மகள் வெரோனிக்காவுக்கு அவர் எழுதிய கடிதம் பாம்பர்க் நூலகத்தில் இன்னும் இருக்கிறது. விரல்களைத் திருகாணியில் வைத்து நசுக்கியிருந்ததால் அதை எழுதி முடிக்கச் சில நாள் ஆயின. குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் வதைக்கப்பட்டேன், குற்றமில்லாமல் சாகப்போகிறேன் என்று தொடங்குகிறார். கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் மேலே தூக்கிக் கீழே விடுவது அங்கே ஒரு முறை. அதெல்லாம் முடிந்து அறைக்குத் திரும்பக் கூட்டிப்போகும்போது கொலைத்தொழிலாளியே கெஞ்சுகிறான். ஐயா, கடவுளுக்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள், நிஜமோ பொய்யோ, கற்பனை செய்தாவது சொல்லுங்கள், உங்களால் இதைத் தாங்க முடியாது, தாங்கினாலும் விடமாட்டார்கள் என்கிறான். யூனியஸ் கற்பனை செய்தார். பேய் பெண்ணாக வந்தது என்றெல்லாம் சொன்னார். போதவில்லை. சூனியக்காரர்கள் கூடி ஆடுவதாகச் சொல்லப்பட்ட நடனத்துக்கு வேறு யார் யார் வந்தார்கள்? தெரியாது என்றதும் ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக் கேட்டார்கள், இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று. அவரும் தெருத் தெருவாகப் பெயர் சொன்னார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பும் உண்டு. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் சாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்களாம், வலி தாங்காமல் சொல்லிவிட்டோம் என்று.

இந்த இடத்தில்தான் என் பக்கத்து பெஞ்சுக்காரன் ஞாபகம் வந்தது. நான் வாங்கியது பிரம்படி, இது சித்திரவதை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் "கூட யாரு?" என்ற கேள்வி என்னவோ அதே கேள்விதான்.

ஷ்பே இந்தக் கடிதத்தைப் பார்த்திருக்க வழியில்லை. அதில் இருப்பதை அவர் வேறு இடங்களில், வேறு மனிதர்களிடம் பார்த்தார். சாகப்போகிறவர்களோடு கூடவே போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டவன் நான், குற்றவாளி என்று என்னால் நம்ப முடிந்தவர் ஒருவர்கூட அவர்களில் இல்லை என்று பிறகு எழுதினார். எந்த ஊரில், எந்த வழக்குகளில் என்பதை வரலாற்றாளர்கள் இன்றைக்கும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கொலோனில் 1627 மே மாதம் கத்தரீனா ஹெனோட் என்ற செல்வாக்கான பெண்ணை எரித்தார்கள். தபால் நிலையம் நடத்திய குடும்பத்துப் பெண், வதையிலும் கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவர். ஷ்பே அதே ஆண்டில் கொலோனுக்கு வந்து சேர்ந்தவர். காதில் விழாமல் இருந்திருக்காது.

இதற்கு நடுவில் அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத ஒரு பகுதி இருக்கிறது. சொல்லாமல் தாண்டினால் அவரைச் சாமியாக்கிவிடுவேன். 1628இல் அவரை பைனெ என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். லூத்தரன் ஊர், அதாவது கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த புராட்டஸ்டன்ட் ஊர். அரசின் பலம் பின்னால் நிற்க, அந்த மக்களைத் திரும்பக் கத்தோலிக்கராக்குவது வேலை. இன்ன நாளுக்குள் மாறுங்கள், இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போங்கள் என்ற ரகம். ஷ்பே அதைத் தயக்கமில்லாமல் செய்தார் என்றுதான் தெரிகிறது. 1629 ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை, வோல்டோர்ஃப் கிராமத்துக்குப் பூசை வைக்கக் குதிரையில் போகும்போது ஒருவன் வழிமறித்துத் தாக்கினான். தலையில் பல வெட்டு. எப்படியோ குதிரையை விரட்டிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார், அன்றைய வாசகமான நல்ல மேய்ப்பன் பகுதியைப் படிக்கத் தொடங்கிச் சரிந்தார் என்று சொல்வார்கள். உடம்பு தேற மாதக்கணக்கானது. ஃபால்கன்ஹாகன் என்ற கிராமத்தில் ஓய்வெடுத்தபோதுதான் அந்த நைட்டிங்கேல் கவிதைகளில் பலவற்றை எழுதினார் என்பது மரபு.

தேறியதும் பாடர்போர்னில் ஒழுக்கவியல் இறையியல் பேராசிரியர் வேலை. 1631 வசந்தத்தில் ரின்டெல்ன் நகரிலிருந்து லத்தீனில் ஒரு புத்தகம் வந்தது. 'காவுட்சியோ க்ரிமினாலிஸ்', அதாவது குற்ற வழக்குகளில் எச்சரிக்கை. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரோமன் இறையியலாளர் ஒருவர்' என்று மட்டும். அச்சிட்டது புராட்டஸ்டன்ட் பல்கலைக்கழகத்தின் அச்சகம். சில வருஷங்களுக்கு முன் எந்தக் கூட்டத்தை மதம் மாற்றப் போனாரோ, அதே கூட்டத்தின் அச்சு எந்திரம். முன்னுரையில், இதை ஜெர்மனியின் அதிகாரிகளுக்குக் காணிக்கையாக்குகிறேன், முக்கியமாக இதைப் படிக்கமாட்டாதவர்களுக்கு என்கிறார். படிக்கிற அளவுக்கு அக்கறை உள்ளவனுக்கு இது தேவைப்படாது என்பது அவர் கணக்கு.

புத்தகம் 51 கேள்விகளாகப் போகிறது. முதல் கேள்வி: சூனியக்காரிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா? பதில்: இருக்கிறார்கள். முதல்முறை படித்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதை மனதார நம்பினாரா, தந்திரமா என்று இன்றும் அறிஞர்களுக்குள் சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. அந்த ஒரு வார்த்தையை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிட்டதால் எதிராளிக்குப் பிடி கிடைக்காமல் போனது என்பதுதான் விஷயம். 1563இல் யோஹான் வையர் என்ற மருத்துவர், இந்தப் பெண்கள் மனநோயாளிகள் என்று எழுதி ஆயிரம் வசவு வாங்கினார். ட்ரியரில் கொர்னேலியுஸ் லோஸ் என்ற பாதிரி இதெல்லாம் பிரமை என்று எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் பறித்து, 1593இல் மண்டியிட வைத்து மறுப்பு வாங்கினார்கள். ஷ்பே பேயைப் பற்றிப் பேசவே இல்லை. வழக்கு நடக்கும் விதத்தைப் பற்றி மட்டும் பேசினார். சூனியக்காரி இருக்கட்டும் ஐயா, இந்த விசாரணையில் சூனியக்காரி இல்லாத ஒருத்தி எப்படி வெளியே வருவாள், அதைச் சொல்லுங்கள் என்றார்.

கடைசிக் கேள்வியில் இதை ஒரு கதையாகவே நடத்திக் காட்டுகிறார். காயா என்று ஒருத்தி. ரோமானியச் சட்டப் புத்தகங்களில் உதாரணத்துக்கு வரும் பெயர் அது, நாம் 'யாரோ ஒரு முனியம்மா' என்கிற மாதிரி. ஊர்வாயில் காயாவின் பெயர் அடிபடுகிறது. அவள் நடத்தை கெட்டதாக இருந்தால், பார்த்தாயா என்பார்கள். நல்லதாக இருந்தால், சூனியக்காரிகள் அப்படித்தான் நல்லவள் வேஷம் போடுவார்கள் என்பார்கள். பிடித்து உள்ளே போடுகிறார்கள். பயந்தால் குற்றமுள்ள நெஞ்சு. பயப்படாமல் நிமிர்ந்து நின்றால், சூனியக்காரிக்குத்தான் அந்தத் திமிர் வரும். வக்கீல் கிடையாது, ஏனென்றால் சூனியம் 'விதிவிலக்கான குற்றம்', சாதாரணக் குற்றங்களுக்கு உள்ள பாதுகாப்பெல்லாம் இதற்கு இல்லை. அவளுக்காகப் பேச ஒருவன் வந்தால் அவன்மேலும் சந்தேகம்.

உடம்பு முழுக்க மழித்து மந்திரம் ஒளித்திருக்கிறாளா என்று தேடுவார்கள். பிறகு வதை. இந்த இடத்தில் ஷ்பே போகிற போக்கில் ஒன்றைச் சொல்கிறார், எனக்குப் புத்தகத்திலேயே முதுகு சில்லிட்ட இடம் அதுதான். நீதிமன்றக் குறிப்பில் 'வதையில்லாமலே ஒப்புக்கொண்டாள்' என்று எழுதியிருக்கும். உயர்குடியினர் அதைப் படித்துவிட்டு, அப்போ நிஜம்தான் போலிருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். விசாரித்துப் பார்த்தால், பற்கள் வைத்த இரும்புப் பட்டையைக் காலில் மாட்டி எலும்பு நொறுங்குமளவு திருகியிருப்பார்கள். அது முதல்கட்டம், வதைக் கணக்கில் வராது! அரசாங்கக் கோப்புகளைக் கொஞ்சமாவது படித்துப் பழகியவர்களுக்கு இந்த வகைச் சொல் விளையாட்டு புதிதாக இருக்காது. 1532இன் பேரரசுச் சட்டம், போதுமான அடையாளம் இல்லாமல் வதைக்கக் கூடாது என்று சொல்லத்தான் செய்தது. சூனிய வேட்டையின் பழைய கையேடான 'மல்லேயுஸ்' அதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தது. இன்று வதைத்து நாளை மறுபடி வதைத்தால் அது 'மறுபடி' ஆகாது, 'தொடர்ச்சி' என்று எழுதிக்கொள்.

காயாவிடம் திரும்புவோம். வலியில் அவள் கண் சுழன்றால், தன் பேய்க் கள்ளக்காதலனைத் தேடுகிறாள். ஒரே இடத்தில் நிலைத்தால், கண்டுவிட்டாள். வாய் திறக்காமல் தாங்கினால், பேய் அவளுக்கு மௌன மந்திரம் போட்டிருக்கிறது. மயங்கினால் பேய் தூங்க வைத்துவிட்டது. செத்தே போனால், பேய் கழுத்தை முறித்துவிட்டது. பிணத்தைத் தூக்குமரத்தடியில் புதைத்துவிடலாம். இது எதுவும் நடக்காமல் உயிரோடு இருந்தால்? வருஷக்கணக்கில் இருட்டில் போட்டுவைப்பார்கள், இளகட்டும் என்று. விடுவிக்க முடியாது. விடுவித்தால், பிடித்தவர்களுக்கு அவமானம். தண்டனை ஒன்றுக்கு இவ்வளவு என்று விசாரணைக்காரர்களுக்குக் கூலி கிடைத்த ஊர்களும் இருந்தன. அதையும் ஷ்பே விடாமல் குத்திக்காட்டுகிறார். கடைசியில் காயா ஒப்புக்கொள்வாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் இல்லையா. ஒப்புக்கொண்டதும் பெயர்கள் கேட்பார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு புதிய காயா.

நாம் எல்லோரும் சூனியக்காரர்களாக இல்லாமல் இருப்பதற்கு ஒரே காரணம், நம்மை இன்னும் வதைக்கவில்லை என்பதுதான் என்று எழுதினார். ஆயர்களையும் நீதிபதிகளையும் என்னையும் அந்தப் பெண்களை நடத்திய மாதிரி நடத்துங்கள், அத்தனை பேரும் சூனியக்காரர்கள் என்று தெரிந்துவிடும். இது வெறும் சொல்வீச்சு கிடையாது. அவருக்கு முன்னால் ஆடம் டானர் என்ற இன்னொரு இயேசு சபை அறிஞர், விசாரணையில் நிதானம் வேண்டும் என்று மென்மையாக எழுதியிருந்தார். அதைப் படித்த விசாரணைக்காரர்கள் இருவர், இந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் உடனே வதைக்க வேண்டியதுதான் என்றார்களாம். ஷ்பே இதைத் தன் புத்தகத்திலேயே பதிவு செய்திருக்கிறார். ட்ரியரில் டீட்ரிக் ஃப்ளாடே என்ற நீதிபதியையே 1589இல் சூனியக்காரர் என்று கொன்றிருந்தார்கள். பெயர் போடாமல் அச்சிட்டதில் ஆச்சரியமே இல்லை.

பெயர் போடாவிட்டாலும் பாடர்போர்னில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. துணை ஆயர் பெல்கிங் அதை மகா கொள்ளைநோய்ப் புத்தகம் என்று திட்டினார். பேராசிரியர் வேலை ஏற்கெனவே போயிருந்தது. சபையின் தணிக்கை அனுமதி இல்லாமல் வெளிவந்ததால் சபைக்குள்ளும் பிரச்சினை. பிரதியை யாரோ எடுத்துக்கொண்டு போய் அச்சிட்டுவிட்டார்கள் என்ற கதை அவரைக் கொஞ்சம் காப்பாற்றியது. 1632இல் இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பைவிடக் காட்டமாக, வந்ததும் அந்தக் கதை எடுபடவில்லை. சபையிலிருந்து விலகச் சொல்லிவிடலாம் என்றுகூட ரோமில் நினைத்தார்கள். சபையின் வட்டாரத் தலைவராக இருந்த கோஸ்வின் நிக்கல் குறுக்கே நின்றார். முதலில் கொலோனுக்கு, அப்புறம் ட்ரியருக்கு என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து மாற்றிக்கொண்டே இருந்தார். பெரிய புரட்சிப் பேச்சு எதுவும் இல்லாமல், மாற்றல் உத்தரவு போட்டே ஒரு ஆளைக் காப்பாற்றிய இந்த அதிகாரியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரே பின்னாளில் சபையின் உலகத் தலைவரானார்.

ட்ரியரில் ஷ்பேக்கு இரண்டு ஆண்டுதான் மிச்சம். 1635 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நகரத்தைப் பேரரசுப் படைகள் பிடித்தன. காயம்பட்டவர்கள், கைதிகள், பின்னாலேயே கொள்ளைநோய். மருத்துவமனையில் சிப்பாய்களைப் பார்த்துக்கொள்ளப் போனவருக்கும் தொற்றியது. ஆகஸ்ட் 7 அன்று இறந்தார், 44 வயது. தொற்றுக்குப் பயந்து அன்றைக்கே சபைக் கோயிலின் நிலவறையில் புதைத்தார்கள். இடம் எது என்பது மறந்துபோனது. 1980இல்தான் கண்டுபிடித்தார்கள்.

போன வருஷம் ட்ரியர் போயிருந்தேன். கூட்டமெல்லாம் கார்ல் மார்க்ஸ் பிறந்த வீட்டில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இயேசு சபைக் கோயில். அதையொட்டிய பழைய சபைக் கல்லூரிக் கட்டடத்தில் நடந்த பள்ளியில்தான் மார்க்ஸ் 1835 வரை படித்தார். யாருக்கும் தெரியாமல் ஷ்பே அப்போது பக்கத்திலேயே மண்ணுக்குள் கிடந்தார். நிலவறையில் நான் இருந்த நேரத்தில் வேறு யாருமில்லை. கல்பெட்டி, பெயர், ஒரு தொட்டியில் வாடின பூ. வெளியே வந்ததும் பசித்தது. பக்கத்திலேயே கபாப் சாப்பிட்டேன்.

புத்தகம் என்ன செய்தது? வேட்டை உடனே நிற்கவில்லை. யோஹான் ஃபிலிப் ஃபோன் ஷோன்போர்ன் என்ற இளைஞர் ஷ்பேயைத் தெரிந்தவர். இவ்வளவு சின்ன வயதில் தலை ஏன் இப்படி நரைத்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டாராம். தீக்கு வழியனுப்பி வைத்த பெண்களின் துக்கம்தான் என்று பதில் வந்ததாம். இந்த இளைஞர் 1642இல் வூர்ட்ஸ்பர்க் ஆயராகவும் பிறகு மைன்ட்ஸ் பேராயராகவும் ஆனபோது தன் ஆட்சியில் எரிப்பை நிறுத்தினார். இந்தக் கதையை அவர் வாயால் கேட்டு உலகத்துக்குச் சொன்னவர் கணித மேதை லைப்னிட்ஸ். 1710இல் வந்த தன் நூலில், பெயரில்லாத அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் ஷ்பேதான் என்று எழுதிவைத்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் தோமாசியுஸ் 1701இல் சூனிய வழக்குகளையே சட்டத்திலிருந்து தூக்க வேண்டும் என்று வாதாடியபோது அவர் சாய்ந்து நின்ற தூண்களில் ஷ்பேயும் ஒருவர். கத்தரீனா ஹெனோட் குற்றமற்றவர் என்று கொலோன் நகரசபை அறிவித்தது 2012இல். எரித்து 385 ஆண்டுகள் கழித்து.

இதெல்லாம் தெரியாத ஜெர்மானியருக்கும் ஷ்பேயின் பாட்டு ஒன்று தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பாடுவது. மீட்பரே, வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி வா, வாசலையும் தாழ்ப்பாளையும் பெயர்த்தெறி என்று தொடங்கும். 1622இல் பெயரில்லாமல் அச்சானது. அவர் எழுதியது என்றுதான் பாட்டுப் புத்தகங்கள் போடுகின்றன. கத்தோலிக்கப் பாட்டுப் புத்தகத்தில் அதன் எண் 231. லூத்தரன்களின் புத்தகத்தில் அது 7ஆம் பாட்டு. பைனெயிலும் டிசம்பரில் அதைத்தான் பாடுகிறார்கள்.